பொம்மி, 4417

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆளில்லாத அலுவலகம். சர்வர் அறையின் குளிரும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் மூக்கில் ஏற, எந்தெந்த போர்ட், அதாவது வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல், திறந்திருக்கிறது என்று வழக்கம்போலச் சரிபார்த்துக்கொண்டிருந்த சிஸ்டம் அட்மின், பட்டியலின் அடியில் ஒரு பெயரைப் பார்த்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். பொம்மி. பக்கத்தில், ‘கேட்டுக்கொண்டிருக்கிறது’. யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் திறந்து காத்திருக்கிறது என்று அர்த்தம்.

பொம்மி அவன் மகள். ஒன்பது வருஷம் தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை. அந்தச் செல்லப் பெயர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

கணினிக்கு எண்தான் கணக்கு. எந்தப் பெயருக்கு எந்த போர்ட் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதியிருக்கும். வலைப்பக்கத்துக்கு எண்பது, மெயிலுக்கு இருபத்தைந்து. அதைத் திறந்தான். கடைசி வரி: பொம்மி, 4417. எழுதியது அவனில்லை, இந்த சர்வரைத் தொட வேறு ஆளுமில்லை. எவனோ விளையாடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரியை அழித்தான்.

கத்துக்குட்டி செய்யும் தப்பு. பெயரை அழித்தால் போர்ட் மூடாது. பின்னால் இருப்பது அங்கேயேதான் இருக்கும், பெயரில்லாமல். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவன்தான். பயம் வந்தால் படிப்பாவது மண்ணாவது. மறுபடி பட்டியலைப் போட்டான். எண் மட்டும் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது.

செல்போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, உடனே வர்றீங்களா?” குரலைத் தாழ்த்திப் பேசினாள். “நம்ம ஹால்ல யாரோ ஒரு குழந்தை நிக்குது.”

“யாரோவா? நம்ம பொண்ணுடி!”

“விளையாடாதீங்க. நமக்கேதுங்க பொண்ணு? கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு, எப்படி வந்துச்சுன்னே தெரியல. பேர் கேட்டா முழிக்குது.”

“அவ பேரு…” என்று ஆரம்பித்தான். வரவில்லை. தொண்டைவரை வந்து நின்றதுபோல் இருந்தது. இல்லை, அங்கேயும் இல்லை. கோப்பின் பழைய பிரதியைத் திறந்தான். அதில் அந்த வரியே கிடையாது. 4417-க்கு எதிரே வாய்க்கு வந்த பெயரையெல்லாம் அடித்துப் பார்த்தான். எதுவும் அவளில்லை.

“ஐயோ, கிட்ட வருதுங்க…”

போன் விழுந்த சத்தம்.

பிறகு யாரோ எடுத்தார்கள். சின்ன மூச்சு. அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது அந்தக் குழந்தை.