நாற்பது டன் பொய்

கிட்டே வாருங்கள், கண்ணுகளே. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு அடைத்த ஒரு வீட்டுக்குள் உங்களைக் கூட்டிப்போகிறேன். பயம் வேண்டாம், வெளியே கொண்டுவந்து விடுவதும் என் பொறுப்பு.

கொம்பன்பாறை என்ற கடலோர ஊரில் ஓர் ஆடி மாத நண்பகலில் அறுபது வீட்டு அலைக்கதவுகளும் ஒரே நேரத்தில் விழுந்தன. பேரலை வருமென்றால் தாமாக விழுந்து வீட்டைக் காக்கும் எஃகுக் கதவுகள். கித்தேரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவதற்குள் முன்வாசல் பின்வாசல் இரண்டும் சுவராகிவிட்டன. அந்த ஆடியில் இது ஒன்பதாவது முறை. மற்ற எட்டு முறையும் புருஷன் தொபியாஸ் உள்ளே இருந்தான். இன்று கடலில் இருந்தான்.

கதவிலிருந்த கையகலக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். அலை உடையும் இடத்துக்கு அப்பால் அவனுடைய வள்ளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆடிக்கடலில் பாறைகளுக்கு நடுவே கரை பிடிக்க, வள்ளத்திலிருந்து எறியும் கயிற்றைப் பிடித்திழுக்கக் கரையில் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அவரவர் கதவுக்குப் பின்னால். மோட்டாரில் இருக்கும் எண்ணெய் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது.

கதவுகளை ஆள்வது கல்சாட்சி என்ற இயந்திரம். கரையில் கிடக்கும் பெரும்பாறை ஒவ்வொன்றிலும் ஒரு நகர்வுணரியைப் புதைத்திருந்தார்கள். பாறையின் எடை என்ன, வடிவம் என்ன, எவ்வளவு தூரம் போனது என்று பார்த்து, வந்த அலையின் வலுவைக் கல்சாட்சி கணித்துவிடும். புயலலை ஓங்கி அறைந்துவிட்டுப் பின்வாங்கும். சுனாமியோ கால்மணி நேரம் ஆறுபோலத் தள்ளிக்கொண்டே நிற்கும். இரண்டும் கல்லை வெவ்வேறு விதமாக விட்டுவைக்கும். கல் பொய் சொல்லாது என்று அதைச் செய்தவர்கள் நம்பினார்கள்.

கல்லைப் பொய் சொல்லவைத்தவர்கள் கொம்பன்பாறை ஊரார்தான். வள்ளம் ஏற்றும் வழியை மறித்து நாற்பது டன் பாறை ஒன்று கிடந்தது. உணரி புதைத்த சாட்சிக் கல்லைத் தொட்டவனுக்கு ஓராண்டு கடலில் தொழில் கிடையாது என்பது சட்டம். ஆகவே போன ஐப்பசிப் புயலுக்காகக் காத்திருந்து, மழையோடு மழையாக ஜாக்கி வைத்துத் தூக்கி, பனந்தடிகள்மேல் உருட்டி, நாற்பதடி தள்ளி வைத்துவிட்டார்கள். "கடலம்மை செய்த உபகாரம்" என்று அதிகாரியிடம் சத்தியம் செய்தவன் தொபியாஸ்.

கல்சாட்சி நம்பியது. நம்பி, கற்றும்கொண்டது. அந்தப் புயலின் பன்னிரண்டடி அலைக்கே நாற்பது டன்னைத் தள்ளும் வலு உண்டென்றால், ஆடி மாதத்துச் சாதாரண அலையும் வீட்டின்மேல் பாறையை எறியும். முன்பெல்லாம் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை விழுந்த கதவு, இப்போது கடல் இருமினாலும் விழுந்தது.

"கித்தேரி மயினி!" சுவரிலிருந்த பேசுகுழலில் பக்கத்து வீட்டு லூர்தாள். "அண்ணைக்கிக் கடலம்மைக்க மேல பழியப் போட்டது ஒனக்க மாப்பிளதானே? இப்பம் அவ புடிச்சு வச்சிருக்கா பாரு."

"ஒனக்க மாப்பிள மட்டும் கையக் கெட்டிட்டு நின்னானோ? ஜாக்கி திருகுனது ஆரு?"

"நான் சோறு கொண்டுவந்தேன். அவ்வளவுதான்."

"அப்பம் வாயப் பொத்து. நான் உள்ளதச் சொல்லப்போறேன்."

லூர்தாளின் குரல் இறங்கியது. "ஒரு வருசம் கடல் போயிருமே, மயினி."

"ஆளு போனா கடல வச்சு என்ன செய்ய?"

கித்தேரி குழலைக் கல்சாட்சியின் பக்கம் திருகினாள். "கல்சாட்சி, கேளு. அந்தக் கல்ல நவுத்துனது நாங்க."

"நாற்பது டன். மனிதரால் இயலாது," என்றது அமைதியான குரல். "நீங்கள் அச்சத்தில் இருக்கிறீர்கள். தண்ணீர் குடியுங்கள்."

கண்ணாடிக்கு ஓடினாள். மோட்டார்ப் புகை நின்றிருந்தது. வள்ளத்தின் மூக்கு மெல்லப் பாறைப் பக்கம் திரும்பியது.

"கடலு எடுத்தா புரட்டும்!" என்று கத்தினாள். "நாங்க புரட்டல. பறவ எச்சம் பண்டு கெடந்த மாதிரியே மேல கெடக்கு, பாரு. அடியிலயும் பாரு. மூணு பனந்தடி, ஒரே எடவெளியில நசுங்கிக் கெடக்கு. எந்த அலையாவது தடி அடுக்குமா?"

கல்சாட்சியின் கண்ணான பறக்கும் கேமரா பாறையைச் சுற்றியது, குனிந்து பார்த்தது.  அரை நிமிடத்தில் அறுபது வீட்டுக் கதவுகளும் நடுங்கி, மேலே ஏறின. ஊரே கரைக்குப் பாய்ந்தது. மூன்றாவது வீச்சில் கயிறு கைக்குச் சிக்கியது.

பொய்ச் சத்தியம் செய்த தொபியாஸுக்கு ஓராண்டு கடல் போயிற்று. கல்சாட்சிக்கோ ஒரு பாடம் கூடியது: கல் நகர்ந்தால் அது கடல்தான் என்று இல்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு காலை, கரையில் இடி விழுந்ததுபோல் சத்தம். கித்தேரி வாசலுக்கு வந்தாள். அதே பாறை, பனந்தடிகளை உதறிவிட்டு, தலைகீழாகப் புரண்டு, வீடுகளை நோக்கிப் பாதி வழி வந்திருந்தது. கதவு அசையவில்லை.

"நாற்பது டன் கல் நகர்ந்துள்ளது," என்றது குரல். "நகர்த்தியவர் யார்?"

"கடலு! கதவ அடை!"

"சென்ற முறையும் கடல் என்றே சொன்னீர்கள். ஆதாரம் உண்டா?"

ஆதாரம் படியேறி, அவள் கணுக்காலைத் தாண்டி, உள்ளே வந்துகொண்டிருந்தது.

பின்வாசல் வழியே கித்தேரியும் தொபியாஸும் மேடேறித் தப்பினார்கள், கண்ணுகளே. சொன்னபடி உங்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டேன். உங்கள் வீட்டுக் கதவை அடைக்கும் கையும் திறக்கும் கையும் உங்களுடையதாகவே இருக்கட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைக்குமுன் வீடு சேரட்டும். குழந்தை குட்டியோடு நன்றாயிருங்கள்.