கையெழுத்துப் போட்டவள்

"ஏட்டி, யாரு நீ? என் காப்பில என்னத்தக் கலந்த?"

மரியஜோசப் டம்ளரை வீசினார். தாபோடியில் இருந்த அவர்கள் வீட்டுச் சுவரில் வழிந்த காப்பியைத் துடைக்க ஆரோக்கியமணி குனிந்தாள். முப்பத்தெட்டு வருஷம் அவளை ஒரு வார்த்தை அதட்டாத புருஷன்! மூளையில் இருந்த கட்டியை எடுத்து எட்டு மாசம் ஆகிறது. கட்டி போன கையோடு அவருடைய குணமும் போய்விட்டது.

அவருடைய அக்கா பிலோமினா, தம்பியின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கமா இருந்த பிள்ள! பொறு, பொறுன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்... நீதான ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட? இன்னைக்கு டாக்டரப் பாத்துட்டு நேரா விஷ்ராந்த்வாடிக்கு என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நீ பாத்துக் கிழிச்சது போதும்!"

"அவுக என்கூடயே இருக்கட்டும் மைனி..."

"வாயத் திறக்காத!"

தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் பிலோமினா. அவளை எதிர்த்துப் பேசி ஆரோக்கியத்துக்குப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் புது டாக்டர் ஃபைலைப் புரட்டினார். வயசு, சர்க்கரை, முன்பு வந்த சின்ன ஸ்ட்ரோக், நெற்றிக்குப் பின்னால் கட்டி இருந்த இடம்... எல்லாமே குணத்தையும் நினைவையும் மாற்றக்கூடியவை என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார்.

"ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ரொம்பப் பிதற்றியிருக்கிறார். குடிப்பழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறதே, நிஜமா?"

ஆபரேஷனுக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டபோது மராத்தியில் முந்திக்கொண்டு பதில் சொன்னவள் பிலோமினா. கோயில் கமிட்டித் தலைவர், தொடவே மாட்டார்! மிலிட்டரி கேன்டீன் ரம் தினமும் உள்ளே போவது வீட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆரோக்கியம் வாயெடுத்தபோது மைனி அவள் கையை நெரித்தாள். அவளும் அடங்கிப்போனாள்.

இப்போது பிலோமினாவின் முகம் வெளிறிவிட்டது. அதைப் பார்த்ததும் ஆரோக்கியமே பதில் சொன்னாள்.

"குடிப்பாங்க டாக்டர், தினமும். நான்தான் மறைச்சேன்."

"குடி திடீரென்று நின்றாலும் அப்படிப் பிதற்றுவார்கள். சொல்லியிருந்தால் முதலிலேயே அதற்கும் மருந்து கொடுத்திருப்போமே அம்மா!"

ஆரோக்கியம் தலை குனிந்தாள். எட்டு மாசத் திட்டோடு இதுவும் ஒன்று, அவ்வளவுதானே.

"அவ இல்ல!" பிலோமினா தமிழிலேயே அலறிவிட்டாள். பிறகு இந்தியில் தட்டுத் தடுமாறினாள். "நான்தான் டாக்டர்... நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு நான்தான் பொய் சொன்னேன்!"

அது ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மருந்தும் பயிற்சியும் கொடுத்தால் கொஞ்சம் தேறலாம், முழுசாகப் பழைய ஆள் ஆவார் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

வெளியே வந்ததும் பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு மாசம் உன்னப் பேசாத பேச்செல்லாம் பேசினேனேட்டி... ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீங்க தாங்குவியளா மைனி? நானும் அன்னைக்கு ஊமையாத்தான நின்னேன்..."

பிலோமினா அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். ஆரோக்கியத்துக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ரிக்‌ஷாவில் மரியஜோசப் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். எங்கே போகணும் என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஆரோக்கியம் மைனியின் முகத்தைப் பார்த்தாள்.

"தாபோடி," என்றாள் பிலோமினா. "மூணு பேரும் அங்கதான். ராத்திரி இவன நான் பாத்துக்கிடுதேன். நீ உறங்கணும்ட்டி."

அப்போதுதான் ஆரோக்கியத்துக்கு அழுகை வந்தது.