பதினொரு பட்டைகள்

ஜீப் வண்டியின் பின்புறம், இடப்பக்கத்தில், இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

அலோசியஸ் முதலில் தன் கண்களையே ஐயுற்றான். கராஜின் தரை சரிந்திருக்கக்கூடும் என்றெண்ணி, வண்டியைத் தோள்கொடுத்து இரண்டடி முன்னே தள்ளி நிறுத்தினான். பின்னர் சக்கரத்தின் மேல்விளிம்பிலிருந்து மட்கார்டு வரையிலும் கையை விரித்து அளந்தான். வலப்பக்கம் ஒரு சாணும் நான்கு விரலும். இடப்பக்கம் ஒரு சாணும் இரண்டு விரலும். வண்டிக்குள் ஒரு ஸ்பானர்கூட இல்லை. அதனினும் வியப்பு யாதெனில், தாழ்ந்திருந்த இடப்பக்கத்தில்தான் அவன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக வைத்திருந்தான். இரும்பு கூடினால் வண்டி உயரவேண்டும். பதினெட்டு ஆண்டுகள் வண்டிகளின் அடியில் கிடந்து அவன் கற்ற கல்வி அதுவே.

வியந்து நிற்க அவனுக்கு நேரமில்லை. தலைப்பிரசவத்துக்காக அவன் மனைவி பெற்றீசியா, தோட்டத்தின் உச்சியிலுள்ள மேல்கணக்குப் பிரிவில், தாய்வீட்டில் இருந்தாள். வெள்ளியிரவு பெய்த ஐப்பசி மழையில் மேல்கணக்குக்குப் போகும் வீதி மண்சரிவோடு ஆற்றுக்குள் போய்விட்டது. இன்று காலை, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் மூக்கன் கயிற்றைப் பிடித்துச் சரிவைக் கடந்துவந்து செய்தி சொன்னான்: வலி கண்டுவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, நாளை விடிவதற்குள் ஆசுபத்திரிக்குக் கொண்டுசேர்க்காவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். எஞ்சியிருந்தது ஒரே வழி. கோப்பி பயிரிட்ட காலத்தில் மாட்டுவண்டி போன, இன்று பாறையும் பள்ளமுமாகக் கிடக்கும் பழைய தடம். வெள்ளைக்காரத் தொரை விட்டுச்சென்ற இந்த ஜீப்பின் நான்கு சக்கரங்களும் இழுக்கும். அத்தடத்தில் அது ஏறும். ஆனால் தேய்ந்த ஸ்பிரிங்குகளின்மேல் அதன் வயிறு முதற் பாறையிலேயே உட்கார்ந்துவிடும். வண்டியை ஒரு சாண் உயர்த்தியாக வேண்டும். உயர்த்தத் தடித்த பட்டைகள் வேண்டும். கடை இருப்பது அட்டன் பட்டணத்தில்; நாளோ ஞாயிற்றுக்கிழமை.

தோட்டத்தில் அத்தகைய பட்டைகள் ஓரிடத்தில் மட்டுமே இருந்தன.

மூன்றாண்டுகளுக்கு முன், திருவிழாவுக்குப் போன பதினொரு பேருடன் தோட்டத்து லொறி வளைவில் தவறி ஆற்றில் விழுந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. இறந்தவர்களின் பெயர்களைச் செக்ரோல் பதிவேட்டிலிருந்து வெட்டிய பின்னும், விடியற்காலைப் பெரட்டில் கங்காணி ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரிக்கையில், வரிசையின் கடைசியில் ஈரக் காலடிகள் வந்து நிற்பதாகச் சனங்கள் அஞ்சினர். ஆகவே, மீட்டெடுத்த லொறியின் ஸ்பிரிங் பட்டைகள் பதினொன்றை, தோட்டத்துக் காவல்தெய்வமான முனிக்கல்லின் அருகே நட்டு, பட்டைக்கொரு பெயராக இறுதிமுறை பெயர் கூப்பிட்டு, இனி உங்களுக்குப் பெரட்டு இல்லை, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று சொல்லி, மஞ்சள் துணியால் கட்டினர். அன்றுமுதல் அத்தோட்டத்தில் வண்டிக்கு ஆள் ஏற்றுவதானால், பெயரைச் சொல்லி ஒவ்வொருவராகத்தான் ஏற்றுவார்கள். பொதுப்பட ‘ஏறுங்க’ என்று கூவுவதில்லை. கேட்கக்கூடாதவர்களுக்கும் அது கேட்டுவிடுமாம்.

காலையில் அலோசியஸ் அந்தத் துணியை அறுத்தபோது உடன் நின்றவர் இஸ்டோர் காவல்காரர் பழனியாண்டி ஒருவரே. அறுபதை எட்டியவர், தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோரின் சாவிகள் கோத்த திறப்புக்கொத்து இடுப்பில் கிலுங்க நடப்பவர்.

“மாதா கோயில் ஆளுக்கு முனிக்கிட்ட என்ன பாஸ் வேல?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். துணி அறுந்ததும் சிரிப்பு நின்றது.

பெற்றீசியாவைக் கீழே இறக்கியதும் பட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து நட்டுவிடுவதாக அலோசியஸ் சொன்னான். பழனியாண்டி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆறாவது பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது என் பொஞ்சாதி அம்மாக்கண்ணு,” என்றார். “அன்னைக்கி பன்னெண்டு பேரு போக வேண்டியது பாஸ். தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா இஸ்டோரு காவலுக்கு நில்லுன்னாரு, நான் கடைசி நேரத்துல எறங்கிட்டேன். பக்கத்துல எனக்கு எடம் புடிச்சு வச்சிருந்தா. அந்த எடத்துல கைய வச்சுக்கிட்டே, என்னயப் பாத்துக்கிட்டே போனா.”

அந்த ஆறாவது பட்டை இப்போது இடப்பக்கத்து அடுக்கில் இருந்தது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. பட்டைகளின் துருவைச் சுரண்டி, குங்குமத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, நீளம் வெட்டி, துளையிட்டு, ஜீப்பின் பழைய பட்டைகளோடு சேர்த்துக் கட்ட அவனுக்கு மதியம் கடந்துவிட்டது. அடுக்கு தடித்துவிட்டபடியால், சட்டம் அச்சின்மேல் வந்து மோதாதபடி தடுக்கும் ரப்பர்க் கட்டைகள் இடைஞ்சலாயின. அவற்றையும் கழற்றி வீசினான். இவ்வளவு வலிய ஸ்பிரிங் அந்த அளவுக்கு ஒருநாளும் அமுங்காது என்பது அவனது கணிப்பு.

எஞ்சியது போல்ட்டுகளை இறுக்குவது. வெறும் வண்டியில் இறுக்கினால் முதற் பள்ளத்திலேயே தெறித்துவிடும். பாரம் ஏற்றி, பட்டைகள் தம் இடத்தில் அமர்ந்த பின்பே இறுக்கவேண்டும். இடப்பக்கத் தாழ்வும் அவ்வாறு அமராத குறைதான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவரும்படி பழனியாண்டியைக் கேட்டான்.

பழனியாண்டி அட்டை கடிக்காதிருக்கக் கால்களில் சலவைச் சவர்க்காரத்தை வெள்ளையாகப் பூசி, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார்.

“நான் வந்தப்பறம் பேரு சொல்லி ஏத்துவோம் பாஸ். அவசரப்படாதீங்க.”

மூடுபனி இரண்டே எட்டில் அவரை விழுங்கியது.

அலோசியஸ் வண்டி தூக்கும் ஜக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு கோணிச்சாக்கை விரித்து, வண்டியின் அடியில் மல்லாந்து நுழைந்தான். கால்கள் அச்சுக்கு அப்பால் நீண்டன. இடுப்பின் ஒருபுறம் எண்ணெய்த் தாங்கி, மறுபுறம் சக்கரம். மார்புக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பின்சட்டத்தின் குறுக்கு இரும்பு. அண்ணாந்து நோக்கினால், வண்டியின் வால்புறத்துக்குக் கீழே, சாம்பல்நிற வெளிச்சத்தில் கராஜின் தரை ஒரு நீண்ட பட்டியாகத் தெரிந்தது. கிரீசின் மணமும் ஈர மண்ணின் மணமும் இஸ்டோரிலிருந்து வரும் வாடிய கொழுந்தின் மணமும் கலந்து, தகரக் கூரையிலிருந்து விட்டுவிட்டுச் சொட்டும் நீரின் ஓசையோடு, அந்த ஒடுங்கிய இடத்தில் அவனைச் சூழ்ந்து நின்றன. மேல்கணக்கில் பெற்றீசியா எதைப் பற்றிக்கொண்டு வலி பொறுப்பாள் என்று அவன் எண்ணினான். மூன்றரை ஆகியிருக்கும். இருட்டுக்கு முன் அந்தப் பழைய தடத்தில் பாதியையாவது ஏறிவிட வேண்டும்.

அப்போது வெளியே காலடிகள் கேட்டன.

ஒருவர் அல்லர், பலர். நனைந்த கம்பளிகள் ஒன்றோடொன்று உராயும் சரசரப்பு, கல்படியில் ஈரப் பாதங்கள் ஒட்டி எழும் ஓசை, பேச்சில்லை. காலடிகள் வாசலோடு நின்றன. பெண்கள் வந்திருக்கிறார்கள், உள்ளே வரத் தயங்கி, பெரட்டில் நிற்பதுபோல வரிசையாக நிற்கிறார்கள் என்று அவன் எண்ணினான். பழனியாண்டியை அழைத்தான். ஒரு நிமிடம் பொறுத்தான். இன்னொரு நிமிடம். ஒவ்வொரு நிமிடத்திலும் மேல்கணக்கு ஒரு மைல் அப்பால் நகர்ந்தது.

ஸ்பானரால் சக்கரத்தில் தட்டினான்.

“என்ன வெளியவே நிக்கிறீங்க? ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க.”

ஸ்பிரிங் முனகியது. இடப்பக்கம் ஒருவர் ஏறினார். பட்டைகள் ஒன்றன்மேலொன்று நழுவி, சட்டம் ஒரு விரல் தாழ்ந்து, மறுபடி அசைந்து நின்றது. நன்று. அவன் முதலாம் போல்ட்டில் ஸ்பானரைப் பொருத்தினான். வலப்பக்கம் ஒருவர். மீண்டும் இடம். அவன் இறுக்கிக்கொண்டே எண்ணினான்: மூன்று, நான்கு. பலகைத் தளத்தின் இடுக்கு வழியே ஒரு துளி அவன் கன்னத்தில் விழுந்தது. நனைந்து வந்திருக்கிறார்கள், பாவம். ஐந்து.

ஆறாமவர் ஏறியபோது இடப்பக்கம் அளவுக்கு மீறித் தாழ்ந்தது.

குறுக்கு இரும்பு மார்புக்கு ஒரு சாண் மேலே வந்திருந்தது. சொட்டு நீர் இப்போது தாரையாகியிருந்தது. அதில் மழைநீரின் மணமில்லை. ஆற்றுச் சேற்றின் மணம், நாட்பட்ட பாசியின் மணம். போதும், இனி ஏறவேண்டாம் என்று சொல்லத் தலையைச் சாய்த்து, வால்புறத்துக்குக் கீழே தெரிந்த தரையைப் பார்த்தான்.

தரையில் ஒரு காலும் இல்லை.

வண்டியில் ஏறுகிறவர் தரையில் நின்றுதானே ஏறவேண்டும். அவன் கண்கொட்டாமல் பார்த்தான். வெறுந்தரை. காய்ந்த கிரீஸ்.

ஏழு. வண்டி தாழ்ந்தது.

“யாரது?”

எட்டு.

அவன் காலை மடக்க முயன்றான். அச்சு தடுத்தது. பக்கவாட்டில் புரள முயன்றான். எண்ணெய்த் தாங்கி இடுப்பைச் சாக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. எப்போது இறங்கிற்று என்று அவன் அறியவில்லை. தலைப்புறமாக நழுவிவிடலாம். இரண்டு கைகளையும் குறுக்கு இரும்பில் ஊன்றித் தள்ளினான். நகர்ந்தது அவனல்ல. இரும்பு, கீழ்நோக்கி.

ஒன்பது.

ரப்பர்க் கட்டைகள் இருந்திருந்தால் சட்டம் இந்நேரம் நின்றிருக்கும். அவை கராஜின் மூலையில் கிடந்தன. அவன்தான் வீசினான். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினான். அடுத்த சொல் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தவை வேறு பெயர்கள். முனிக்கல்லருகே அவன் வரிசையாகப் பிடுங்கிய பதினொரு பெயர்கள்.

பத்து.

மூச்சு பாதியிலேயே இரும்பில் முட்டியது.

பதினொன்று.

அதன்பின் ஒருவரும் ஏறவில்லை. மேலே சிறு அசைவுகூட இல்லை. பொறுமையாக அமர்ந்திருந்தார்கள். குறுக்கு இரும்பு மார்பின்மேல் இருந்தது. மூச்சை இழுத்தால் அழுத்தியது, விட்டால் தொட்டுக்கொண்டு நின்றது. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இன்னும் ஒரு கட்டைவிரல் இடைவெளி. அவ்வளவே அவனுக்கு உரிய உலகம். மேல்கணக்கில் விளக்கு ஏற்றியிருப்பார்கள்.

பின்னர், வால்புறத் தரையில், இரண்டு பாதங்கள்.

உண்மையான பாதங்கள். வெள்ளையாகச் சவர்க்காரம் பூசியவை. திறப்புக்கொத்து கிலுங்கியது.

“லயத்துல ஒருத்தருமில்ல பாஸ். எல்லாரும் சரிவு வெட்டப் போயிட்டாங்களாம். நான் மட்டுந்தான்...” பழனியாண்டியின் பேச்சு அறுந்தது.

“அண்ணே.” குரல் காற்றாகத்தான் வந்தது. “ஜக்கு. ஜக்க வைங்கண்ணே.”

பாதங்கள் ஜக்கின் பக்கம் திரும்பின. ஓரடி. இன்னொன்று.

நின்றன.

மெல்ல, வண்டியை நோக்கித் திரும்பின. கம்பளி நழுவித் தரையில் விழுந்தது. பிறகு இடப்பக்கத்து ஸ்பிரிங் மிக இலேசாகக் கிறீச்சிட்டது. யாரோ சற்றே விலகி, ஒருவருக்கு இடம் விட்டதுபோல.

“அண்ணே. பெற்றீசியா...”

“எடத்த வச்சிருக்கியா இன்னும்?” என்றார் பழனியாண்டி. அவனிடம் அல்ல. அவர் குரல் வீட்டுக்குள் பேசுவதுபோலத் தாழ்ந்திருந்தது. “தள்ளி ஒக்காரு புள்ள. இந்தா வர்றேன்.”

வலது பாதம் தரையை விட்டு எழுந்தது.

இடது குதிகால் எழுந்தது.

பெருவிரல் மட்டும், சவர்க்கார வெண்மையோடு, இன்னும் தரையில்.