துடக்கில்லாத ஊர்

பால்மலையில் காகம் இல்லை. யசோதினிக்கு முதலில் உறைத்தது அதுதான்.

வெல்லாவெளியிலிருந்து கூட்டிவந்த ஓட்டோக்காரன் வழிநெடுக இந்த ஊரைப் புகழ்ந்து தள்ளியிருந்தான். "குப்பையெண்டு ஒரு சொப்பிங் பேக் காணமாட்டீங்க அக்கா. கொழும்பில இருந்தெல்லாம் வந்து படம் பிடிச்சிட்டுப் போறாங்க." பொய்யில்லை. மலையடிவாரத்தில் ஓலைக்கூரை வீடுகள், சாணம் மெழுகிய வாசல்கள், ஈர்க்குமாறு கோடு கோடாகக் கிழித்துவிட்ட வெண்மணல், தண்ணீர் குடிக்கக் கழுவிக் கவிழ்த்த சிரட்டைகள். ஆனால் சோறு வடிக்கும் வாசம் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தும் வேலியில் ஒரு காகம் கரையவில்லை. அவளுடைய ஊரான பெரியகல்லாற்றில் என்றால் பானையைத் திறக்க முன்பே கூரையில் வந்து குந்தியிருக்கும்.

அவள் சுத்தம் பார்க்க வரவில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் மகள் கஜானிக்கு ஐந்து வயது. உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காத உடம்புக்கு என்ன அந்தியேட்டி என்று, ஐந்து வருடத்துக்கு மேலாகியும் ஒரு சடங்கும் செய்ய விடவில்லை யசோதினி. இப்போது வயிற்றில் ஆறு மாதம். இந்தப் பிள்ளை பிறப்பதற்குள், போனவளுக்குச் செய்து முடித்துவிட வேண்டுமென்று புருஷன் நல்லரத்தினம் ஒற்றைக்காலில் நின்று, வருகிற வெள்ளிக்கு நாளும் வைத்துவிட்டார். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, களுவாஞ்சிக்குடிச் சந்தையில் ஒருத்தி காதோடு சொன்னாள்: "உடம்பு கிடைக்காத ஆக்கள் பால்மலைக்கு வாறாங்களாம்." அந்த ஊரில் குப்பையில் பசளை உரம் செய்வதைப் பார்த்துவரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். அந்த மனுஷனும் நம்பினார்.

ஊர்வாசலில் கண்ணகை என்ற பெண் செம்போடு நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். யசோதினியின் காலில் தண்ணீர் ஊற்றினாள். சண்டைக்காலத்தில் அவளுடைய மகனைப் பிடித்துக்கொண்டு போனபோது வெல்லாவெளியில் இருந்தாளாம். பிறகுதான் இங்கே குடியேறினாளாம்.

"எங்கட ஊரில துடக்கே இல்ல கா, தீட்டெண்டு ஒண்டுமே இல்ல," என்றாள், பெருமையாக. "செத்த வீடும் இல்ல, பிள்ளப்பெத்த வீடும் இல்ல."

கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவள் கண் யசோதினியின் வயிற்றில் நின்றது.

"அப்ப காகத்துக்குச் சோறு வைக்கிறதில்லையா?"

"அது செத்தவங்களுக்கெல்லோ. இஞ்ச ஆரு செத்த?"

வெயில் மலைக்குப் பின்னால் சரிந்திருந்தது. கண்ணகையின் வீட்டுக்குள் சாணமும் சாம்பிராணியும் மணக்க, அந்த மணத்துக்கு அடியில், ஆறும் குளமும் இல்லாத அந்த மேட்டில், வற்றுக்காலத்து வாவிச் சேற்றின் வாடை மெல்ல மெல்ல ஏறி வந்தது. மூலையில் ஒரு பொடியன் முதுகைக் காட்டியபடி சோற்றுக்கு முன்னால் இருந்தான். பிசைகிற சத்தம் கேட்டது. கை வாய்க்குப் போய்வந்தது. பீங்கானில் சோறு குறையவில்லை.

"என்ர மகன், மதுஷன்," என்றாள் கண்ணகை. "வயலுக்குப் போற வழியிலதான் பிடிச்சாங்க. உடம்பும் கிடைக்கல்ல, நானும் ஒரு சடங்கும் செய்யல்ல. மறுகா ஒருநாள் வந்து நிண்டான். போக வேற இடமில்லத்தானே அவனுக்கு?"

யசோதினி வெளியே வெண்மணல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சுத்தமான ஊர் என்று பரிசு கொடுக்க இங்கே வந்த பெரிய மனிதர்கள் மணலைப் பார்த்தார்கள், சிரட்டையைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தராவது எட்டிப்பார்த்தார்களா? பார்க்கமாட்டார்கள். பாழாய்ப்போனவர்களுக்கு வாசல் சுத்தமாக இருந்தால் போதும்.

"இப்பிடி வந்து நிக்கிறவங்களப் போகச் சொல்ல ஏலாதா?"

"ஏலும். முகத்தப் பாத்து, நீ செத்திட்டாய் எண்டு ஒருக்காச் சொன்னாக் காணும், போயிருவாங்க." கண்ணகை சிரிக்க முயன்றாள். "பெத்தவளுக்கு அந்த வாய் வருமா கா?"

திரும்பிப் போய்விட வேண்டும் என்று யசோதினி எழும்பினாள். வயிற்றுக்குள் பிள்ளை விடாமல் உதைத்தது. ஒருநாளும் இப்படி உதைத்ததில்லை.

வாசலில் ஈரக்கால் சத்தம்.

சின்னக் கால்கள்.

மணலில் தடம் விழவில்லை.

"அம்மா."

மஞ்சள் சட்டை. அவளே தைத்த சட்டை. நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதே உயரம், விழுந்த அதே முன்பல். ஐயோ, என்ர தங்கமே. பயமும் ஆசையும் ஒன்றாக வந்து அவளை அப்படியே தரையில் இருத்திவிட்டன. கஜானி மடியில் ஏறிக்கொண்டாள். அந்தக் குளிர் சீலைக்குள்ளால் எலும்புவரை இறங்கியது.

"இதுக்குள்ள ஆரு அம்மா?"

"தம்பியோ தங்கச்சியோ, மகள்."

"இது என்ர இடம்."

கோபம் இல்லாத குரல். கஜானி வயிற்றில் காதை வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் வைத்தாள்.

உதை ஒன்று. பலமாக.

இன்னொன்று. அது மெலிந்திருந்தது.

யசோதினிக்கு விளங்கிவிட்டது. சொல்ல வேண்டியதும் தெரியும். அந்த ஒரு சொல். அதைச் சொன்னால் உள்ளே இருப்பது பிழைக்கும். மகளின் நாடியைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே நிமிர்த்தினாள்.

"கஜானி... நீ..."

பிள்ளை அண்ணாந்து பார்த்தது. கண்களில் பயம். அன்றைக்குக் கடல் இரைந்துகொண்டு வந்தபோது எப்படிப் பார்த்ததோ, அப்படி.

"நான் என்ன அம்மா?"

வாய் திறந்தது. மூச்சு மட்டும் வந்தது.

மூன்றாவது உதையை மிக மெல்லியதாக, கதவுக்கு அப்பால் யாரோ தட்டியதைப்போல, உணர்ந்தாள். பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்தாள். ஒன்றும் இல்லை.

"ஒண்டுமில்ல மகள்," என்று சொல்லி, அந்த ஈரத் தலையை வயிற்றோடு இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.