கிழக்கே தலைவைத்தவள்

அருப்புக்கோட்டையில் இருந்து வந்த டவுன் பஸ் ஜெயசிங்கைக் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இறக்கிவிட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போனது. சித்திரை மாதத்து உச்சிவெயில். சவுதியில் தமாமில் இருந்து நேரே வருகிறான், பெட்டியைக்கூட இன்னும் வீட்டில் வைக்கவில்லை. பெண்டாட்டி தேவகனி செத்து, அடக்கம் முடிந்து, ஈஸ்டரும் கழிந்த பிறகுதான் கம்பெனிக்காரன் மனம் இரங்கி பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தான்.

அவளுடைய தம்பி சாலமோன் சீமைக்கருவேல நிழலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான்.

"வாங்க மச்சான்" என்றான்.

தோட்டம் என்று பெயர்தானே தவிர, உள்ளே பச்சையாக ஒரு புல் கிடையாது. கரிசல் மண் வெயிலில் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜெயசிங்கின் அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்தவள். அவள் கல்லறைக்குப் பக்கத்திலேயே மாமியாருக்குத் துணையாக மருமகளையும் வைத்திருந்தார்கள். புது மண்மேட்டின் முன்னால் நின்றவன் அழத்தான் வந்தான். ஆனால் அழவில்லை. கண் சிலுவையிலேயே நின்றுவிட்டது.

அந்தச் சபையில் காலங்காலமாக ஒரு முறை உண்டு. கர்த்தர் கிழக்கே இருந்து வருவார். எக்காளம் கேட்டு இறந்தவர்கள் எழுந்து உட்காரும்போது முகம் நேராக அவரைப் பார்க்க வேண்டும். அதனால் தலை மேற்கே, கால் கிழக்கே. சிலுவை தலைமாட்டில். தோட்டத்தில் இருந்த அத்தனை சிலுவையும் மேற்கு ஓரத்தில்தான் நின்றன.

தேவகனியின் சிலுவை மட்டும் கிழக்கே நின்றது.

"மாப்ள, சிலுவைய மாத்தி நட்டுட்டீகளா?"

"இல்லையே மச்சான். தலைமாட்டுலதான நட்டோம்."

சொல்லி முடிக்கும்போதே சாலமோனின் குரல் இறங்கிவிட்டது. நடந்தது அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது. மேற்கு வாசலில் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கிழக்கு வேலியைப் பிரித்து உள்ளே வந்தார்கள். சவப்பெட்டியைக் கால் முன்னால் வரத் தூக்குவதுதான் வழக்கம். மேற்கு வாசல் வழியாக வந்தால் கால் தானாகக் கிழக்கே போய் விழும், யாரும் திசை பார்க்க வேண்டியதே இல்லை. அன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை. வந்தபடியே இறக்கி, மண்ணைத் தள்ளி, தலைமாடு எதுவோ அங்கே சிலுவையை நட்டுவிட்டார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தே ஆணி அடித்து வந்த பெட்டி, முகத்தைத் திறந்து பார்த்தவர்களும் கிடையாது.

கல்யாணம் ஆனதில் இருந்து ஜெயசிங் ஊரில் இருந்த நாளைவிட வெளியே இருந்த நாள்தான் அதிகம். "இங்கதான் ஒண்ணா இருக்கக் குடுத்து வைக்கல, அங்கயாவது சேந்து இருப்போங்க" என்று தேவகனி போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவனை விமானத்தில் உட்கார வைத்துக் கொண்டுவந்தது. இப்போது அவள் எழுந்தால் கர்த்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுவாள்.

மறுநாள் மதியம் வீட்டில் தனியாகப் படுத்திருந்தான். கரண்டு போய்விட்டது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கோழிகூடச் சத்தம் காட்டாத வெயில்.

முதலில் வாடைதான் வந்தது. ஈரக் கரிசல் மண்ணின் வாடை.

மழை பெய்து மாதக்கணக்கு ஆகிறது.

எழுந்து பின்கட்டுக்குப் போனான். மேற்குச் சுவரை ஒட்டி அவள் நின்றிருந்தாள். வெள்ளைச் சேலை. முகம் சுவரோடு சுவராக இருந்தது. பின்னல் முழுக்க மண் அப்பியிருந்தது.

"ஏங்க."

பழகிய குரல்தான். கூப்பிட்ட தோரணையும் அதேதான்.

"பின்னால என்னமோ பெருசா சத்தம் கேட்டுச்சுங்க. எல்லாரும் எந்திரிச்சுப் போற மாதிரி. அத்தகூட என்னையக் கூப்புட்டுக்கிட்டே போனாக."

அவள் தோள் ஒருமுறை அசைந்தது. கழுத்து அசையவில்லை.

"எனக்குத் திரும்ப வரலைங்க."

கரண்டு வந்து மின்விசிறி சுற்றியது. சுவர் வெறும் சுவராக இருந்தது. தரையில் கை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

சாயங்காலமே சபை உபதேசியாரைப் போய்ப் பார்த்தான். பின்கட்டில் கண்டதைச் சொல்லவில்லை, சிலுவை விஷயத்தை மட்டும் சொன்னான். உபதேசியார் சிரித்தார். மனுஷர் எந்தச் சாவு வீட்டிலும் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பவர். தன் சொந்த மகனை அடக்கம் பண்ணின அன்றைக்கும் அழாமல் நின்று, மரணம் தோற்றுவிட்டது, ஆண்டவர் பாதாளத்துக்கே இறங்கிக் கதவை உடைத்துவிட்டார் என்று பிரசங்கம் பண்ணினவர்.

"கடல்ல செத்து மீனுக்கு எரையானவுகளும் எந்திரிப்பாக தம்பி. அவருக்குத் திசை தெரியாதா?" என்றார்.

"எனக்கு மனசு கேக்கல ஐயா."

"சரி, திருப்பி வச்சிருவோம். எதுக்கு வம்பு" என்றார்.

அனுமதி அது இது என்று போனால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான். ஊர் அடங்கிக் கிடக்கும் மத்தியானமாகப் பார்த்து மாரிக்கண்ணனின் ஜேசிபியைக் கொண்டுவந்தார்கள். அவன் மேல்மண்ணை அள்ளிப் போட்டான். அடிமண்ணை ஜெயசிங்கும் சாலமோனும் மண்வெட்டியால் எடுத்தார்கள். உபதேசியார் குடை பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார். தேவகனியின் பெட்டி தட்டுப்பட்டபோது பக்கத்து மண் சரிந்தது. அம்மா கல்லறையின் பக்கவாட்டுச் சுவரும் சேர்ந்து இடிந்து விழ, அவள் பெட்டி ஒரு பக்கமாகப் பிளந்துகொண்டது.

மாரிக்கண்ணன் வண்டியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இதுல ஆளக் காணோமே" என்றான்.

எலும்பு இல்லை. ஒரு முடி இல்லை. உடுத்தி அனுப்பிய சேலை மட்டும் நான்காக மடித்து, தலையணை மேல் வைத்திருந்தது.

உபதேசியார் குடையைக் கீழே போட்டார். விறுவிறுவென்று நடந்து தன் மகன் கல்லறைக்குப் போய், "இதத் தோண்டு" என்றார்.

"ஐயா, வேணாம்" என்றான் சாலமோன்.

"தோண்டுலே."

அதிலும் ஆள் இல்லை. வேட்டியும் சட்டையும் மடித்து இருந்தன.

இத்தனை காலமும் அவர் பிரசங்கம் பண்ணினது அத்தனையும் உண்மை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் மண்ணில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக, ஊரே பார்க்காத அந்த வெயிலில் வாய்விட்டு அழுதார்.

"போயிட்டானே. என்னைய விட்டுட்டுப் போயிட்டானே. அவரு வந்து எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிட்டாரு தம்பி." கையால் மண்ணைத் தட்டினார். "ஈஸ்டருக்கு விடியக்காலம் இந்த எடத்துல நின்னுதான பாடுனோம். நம்ம பாட்டுச் சத்தத்துல கேக்காமப் போச்சோ என்னமோ."

ஜெயசிங் தேவகனியின் பெட்டியில் கை வைத்தான். நால்வர் சேர்ந்துதான் அசைக்க முடிந்தது. அவ்வளவு கனம். அவள் உள்ளேதான் இருந்தாள். தோட்டத்தில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"இனிமே திருப்பி என்ன மச்சான் ஆகப்போகுது?" என்றான் சாலமோன்.

"திருப்பு" என்றான் ஜெயசிங். அவனுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தலையை மேற்கே வைத்து, காலைக் கிழக்கே நீட்டி, மண்ணை மூடி, சிலுவையைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டார்கள். உபதேசியார் ஜெபத்தை முடிக்கவில்லை. குடையைக்கூட எடுக்காமல் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அடுத்த நாள் மதியம் ஜெயசிங் வாசலறையில் கதவைத் திறந்துபோட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தான். வீடு கிழக்குப் பார்த்த வீடு. எதிரே தெரு நேராகப் போய்ப் பருத்திக் காட்டில் முடியும். தூங்கக் கூடாது என்றிருந்தான், தூங்கவும் இல்லை.

ஈர மண்வாடை பின்கட்டில் இருந்து கிளம்பி, நடுவீட்டைத் தாண்டி, அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

திரும்பினான்.

இந்தத் தடவை முகம் தெரிந்தது. இமையில் ஒட்டிய மண்ணோடு தேவகனி அவனுக்கு நேராக நின்றிருந்தாள். ஆனால் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக, வாசலைத் தாண்டி, தெருக்கடைசி வரைக்கும் கண்ணை ஓட்டித் தேடினாள். ஆவலோடுதான் தேடினாள். பிறகு அந்த ஆவல் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டுப் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் செத்துவிடலாம் என்று அவனுக்கு இருந்தது. செத்தாலும் போக இடம் இல்லை என்பதும் அப்போதே உறைத்தது.

அவள் மெல்ல வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாய் நனைந்தது.

"ஏங்க" என்றாள். "இந்தப் பக்கமும் யாரையும் காணோமே."