வீட்டுப் பேச்சு

காய்ச்சல் விட்ட அன்று காலையில் ஜீவிதா தண்ணீர் கேட்டாள். தமிழில் கேட்டாள்.

“தண்ணி குடுங்கம்மா.”

சொம்பை நீட்டிய பிறகுதான் தேவிபிரியாவுக்கு உறைத்தது. அந்த வீட்டில் யாரும் இதுவரை தமிழில் தண்ணீர் கேட்டதில்லை. கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழ்தான். ஆனால் வாசல்படி தாண்டி உள்ளே கால் வைத்துவிட்டால் கன்னடம். பெங்களூர்க்காரர்கள் கேட்டால் சிரித்துவிடுவார்கள், அப்படி ஒரு கன்னடம். பாதிக்குப் பாதி தமிழ் கலந்து, எழுத்தென்று ஒன்றில்லாமல், அருப்புக்கோட்டையின் நாலைந்து நெசவாளர் தெருக்களுக்குள்ளேயே புரண்டு வளர்ந்த பேச்சு. வீட்டு ஆளுக்கு வீட்டுப் பேச்சு, வெளியாளுக்குத் தமிழ். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஏழு வயது ஜீவிதாவுக்கும் இது மூச்சு விடுகிற மாதிரித்தான் இருந்தது, மூன்று நாள் முன்பு வரை.

காய்ச்சல் மயக்கமாக இருக்கும் என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. காய்ச்சல் இறங்கிய உடம்பில் இருக்கிற வேர்வைப் பிசுபிசுப்பு துளியும் இல்லை. தலையை வருடியபடி, இன்னும் வலிக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டாள்.

“இல்லங்கம்மா. நல்லா இருக்கேன்.”

மறுபடியும் தமிழ். அதுவும் ‘ங்க’ போட்டு, டீச்சரிடம் பேசுகிற மரியாதையில். வீட்டில் அம்மாவை ‘நீ’ என்று கூப்பிட்டு, முந்தானையைப் பிடித்து இழுத்துப் பழகிய பிள்ளை.

அந்த வீட்டில் தமிழில் பேசப்பட்டது ஒரே ஒரு ஜீவனிடம்தான். அதன் பெயர் புள்ளி. ஜீவிதாவின் பிறந்தநாளுக்காக அவள் அப்பா கார்த்தீஸ்வரன் மதுரையில் போய் வாங்கிவந்த வளர்ப்புப் பல்லி. மஞ்சள் உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, சாண் நீளம், கொழுத்த வால். சுவர்ப்பல்லி மாதிரி இது கண்ணாடியில் ஏறாது, ‘ச்சு ச்சு’ என்று சொல்லவும் சொல்லாது. இதற்கு இமை உண்டு. பகலெல்லாம் கண்ணை மூடித் தூங்கும்.

“காசு குடுத்துப் பல்லி வாங்குனவுகள இப்பத்தான் பாக்கேன் தாயி. பரளச்சிக்கு வாங்க, ரெண்டு ஓணானும் சேத்து ஓசியில பிடிச்சுத் தாரேன்” என்று அன்றைக்குச் சிரித்தான் சோலை. இவர்கள் வீட்டு விசைத்தறியை ஓட்ட தினமும் பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன்.

நடு அறையில், நூல் பெட்டிகளுக்கு மேல் கண்ணாடித் தொட்டி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தவிடு, அதற்குள் நெளியும் மஞ்சள் புழுக்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் ஜீவிதா கிடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து, கால்சியம் பொடியில் புரட்டி நீட்டுவாள். புள்ளி வால்நுனியை ஆட்டி, உற்றுப் பார்த்து, லபக்கென்று கவ்வும். தின்னாத புழுவை உள்ளே விட்டுவிடக் கூடாது, விட்டால் அதுகள் பல்லியைக் கடித்துவிடும் என்று கார்த்தீஸ்வரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஊட்டும்போதெல்லாம் ஜீவிதா, முன்பல் இரண்டும் விழுந்த வாயில் சீழ்க்கை கலக்க, அதனுடன் தமிழில்தான் கதை பேசுவாள். மதுரையிலிருந்து வந்ததற்கு நம் பேச்சு எப்படித் தெரியும் என்று அம்மாவையே திருப்பிக் கேட்டவள் அவள்.

காய்ச்சலுக்குப் பிறகு ஜீவிதா அந்தத் தொட்டியின் பக்கமே திரும்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொல்லைப்புறம் போய், பங்குனி வெயிலில் காய்ந்து கொதிக்கிற சிமெண்டுத் தளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அருப்புக்கோட்டை வெயிலில் காக்காய்கூட நிழல் தேடி ஒதுங்கும் நேரம். தேவிபிரியா ஓடிப்போய்த் தூக்கினால் பிள்ளையின் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கை மட்டும் அப்போதும் குளிர்ந்திருந்தது.

கார்த்தீஸ்வரனிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள், அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் பேசுகிறாள், இதற்குப்போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாயா என்று அவன் கன்னடத்தில் சிரித்தான். சோலைக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

“முன்னெல்லாம் நான் கூப்பிட்டா உள்ள ஓடிப்போயிரும். இப்பப் பாப்பா எம்புட்டு அழகாப் பேசுது தாயி.”

பெற்ற பிள்ளை தன்னை வெளியாளாக்கிவிட்டது என்று தேவிபிரியா யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால்தான் யாருக்குப் புரியும்?

ஒரு சாயங்காலம், தறி தடதடவென்று அடிக்கிற இரைச்சலுக்கு அடியில், நடு அறையிலிருந்து வீட்டுப் பேச்சு கேட்டது. மெலிந்த குரல். விட்டு விட்டு வந்தது. ஜீவிதாவின் குரல்தான். கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கதவுக்கு முதுகு காட்டி, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் மகள். அப்படியானால் வீட்டுப் பேச்சு மறக்கவில்லை. அந்தப் பல்லிக்கு அது உண்டு, பெற்றவளுக்குத்தான் இல்லை. நினைத்ததும் கண் முட்டிக்கொண்டு வந்தது.

“ஜீவி.”

மகள் திரும்பினாள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

“என்னது வாயில?” தன் வாயிலும் தமிழ் வந்துவிட்டதில் அவளுக்கே திக்கென்றது.

“கடலைமிட்டாய்ம்மா.”

புழு டப்பாவின் மூடி சரியாக மூடாமல் கிடந்தது. மூடி வைத்தாள். அன்றிரவு அடுப்படியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, வாய் நிறைய வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படி அவ்வளவு தெளிவாகப் பேசும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தண்ணீரோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள்.

புழு போடுகிற வேலை இப்போது அவள் தலையில் விழுந்திருந்தது. அருவருப்பை அடக்கிக்கொண்டு கிடுக்கியை நீட்டினால் புள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பிள்ளை செய்கிற மாதிரி, முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். வால் மெலிந்துகொண்டே வந்தது. பகலில் தூங்க வேண்டியது தூங்கவே இல்லை. அவள் நடு அறைக்குள் எப்போது வந்தாலும் முன்னங்கால் இரண்டையும் கண்ணாடியில் ஊன்றி, தலையைத் தூக்கி அவளையே பார்த்தது. அவள் இடது பக்கம் போனால் இடது பக்கம். வலது பக்கம் போனால் வலது பக்கம். சின்ன வாய் ஓயாமல் திறந்து மூடியது. தறிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

இதுதான் என் பிள்ளைக்கு என்னமோ செய்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அதன்மேல் ஒரு வெறுப்பு வந்தது. ஒரு வாயில்லாப் பூச்சியை இவ்வளவு வெறுக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கிடுக்கியும் கையுமாக நின்றபோது ஜீவிதா பின்னால் வந்து நின்றாள். காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாக அம்மாவின் கையைத் தானாகவே பிடித்தாள்.

“ஒண்ணொண்ணாப் போட்டாத் திங்காதும்மா. மொத்தமாப் போட்டுருங்க. போட்டுட்டு மூடிருங்க. எனக்கு அதப் பாத்தாப் பயமா இருக்கு.”

பிள்ளை கையைப் பிடித்துக் கேட்கிறது. எந்தப் பேச்சில் கேட்டால் என்ன? டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். தவிடும் புழுவும் பொலபொலவென்று புள்ளியின் முதுகில் விழுந்தன. மூடியைப் போட்டு, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தி, அதன்மேல் நூல் கண்டு மூட்டையைத் தூக்கி வைத்தாள். அந்தக் கண் இனிமேல் தன்னைப் பார்க்காது. அன்றைக்குச் சோறு இறங்கியது அவளுக்கு.

சனிக்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. தறி ஓடாத நாளில்தான் வெளிவேலை பார்க்க முடியும் என்று கார்த்தீஸ்வரன் காரியாபட்டி வழியாக மதுரைக்கு நூல் லோடு விஷயமாகப் போய்விட்டான். சோலைக்கு லீவு. சரியாக ஒன்பது மணிக்குத் தெரு நின்றது. இந்தத் தெருவில் அமைதி என்பது மாதத்தில் ஒருநாள் வருகிற விருந்தாளி. வந்தால் என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியாது. எட்டு வீடு தள்ளிக் குக்கர் விசிலடிப்பது கேட்டது, கொல்லைக் கொடியில் துணி உலர்ந்து படபடப்பது கேட்டது, அவளுடைய மெட்டி தரையில் உரசுவதே அவளுக்குக் கேட்டது. ஜீவிதா வழக்கம்போலக் கொல்லையில், வெயிலில், கண்ணை மூடிக் கிடந்தாள்.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள் தேவிபிரியா.

அம்மா என்று யாரோ கூப்பிட்டார்கள்.

கொல்லையைத்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். மகள் அசையாமல் படுத்திருந்தாள். வாய் மூடியிருந்தது.

மறுபடியும் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. நடு அறை. தவிட்டு வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, நாள்பட்ட புண்ணிலிருந்து வருகிற மாதிரி. போனாள். சேலைக்குள்ளிருந்து ‘கறுக் கறுக்’ என்று நூறு சின்ன வாய்கள் எதையோ அரைக்கிற சத்தம். அதற்கு நடுவில் அந்தக் குரல்.

புழு கடிக்கிறது என்றது. காலைக் கடிக்கிறது, கண்ணருகில் வருகிறது, தூக்கு என்றது. எத்தனை நாளாகக் கூப்பிடுகிறேன், நீ ஏன் என்னைத் தூக்கவில்லை என்றது.

கன்னடத்தில். ‘நீ’ போட்டு. முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளையின் சீழ்க்கை கலந்த மழலையில்.

காய்ச்சல் விட்ட நாளிலிருந்து இந்தச் சீழ்க்கையைத் தான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தேவிபிரியாவுக்குத் தெரிந்தது. மூட்டையைத் தள்ளினாள். சேலையை உருவினாள்.

புள்ளி பின்னங்காலில் நின்றிருந்தது. முன்னங்கால் இரண்டும் கண்ணாடியில். இடது காலில் விரல் இல்லை. வயிற்றோரம் தோல் பிய்ந்து சிவந்து தெரிந்தது. வால் சூம்பிக் குச்சியாகியிருந்தது. கழுத்து வரைக்கும் புழு. அதன் கண் அவளைப் பார்த்தது. வாய் திறந்தது. குரல் அந்த வாயிலிருந்துதான் வந்தது.

அம்மா, தூக்கு.

“தங்கமே” என்றாள். கை மூடிக்குப் போனது.

“திறக்காதீங்கம்மா.”

பின்னால். கதவருகில். ஜீவிதாவின் முகம். ஜீவிதாவின் கவுன். வெயிலில் கிடந்து வந்த பிள்ளை, ஒரு சொட்டு வேர்வை இல்லை. முன்வாயில் பல் முழுசாக இருந்தது.

“அது பல்லிம்மா. நாந்தான் உங்க பிள்ள.”

யாரைத் தூக்குவது? பத்து வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவள் மூடியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்தாள்.

கரண்ட் வந்துவிட்டது.

தெரு முழுக்க ஒரே நேரத்தில் தறிகள் இரைந்தன. இரண்டு பக்கச் சுவரும் அதிர்ந்தன. குரல் போய்விட்டது. கண்ணாடிக்குள் அந்த வாய் மட்டும் அசைந்தது. பக்கத்தில் வந்து நின்ற மகளின் வாயும் அசைந்தது. இரண்டும் ஒரே சொல்லைத்தான் சொல்லின. வீட்டிலும் வெளியிலும் மாறாத ஒரே சொல். அம்மா. அம்மா.

மூடியின் மேல் இருந்த அவள் கைமீது ஒரு சின்னக் கை வந்து உட்கார்ந்தது. உலர்ந்த கை. குளிர்ந்த கை. அது மெதுவாக, பிறகு பலமாக, கீழே அழுத்தியது. கண்ணாடிக்குள் ஒரு புழு கழுத்தைத் தாண்டிக் கன்னத்தில் ஏறிக் கண்ணோரம் வந்தது. புள்ளி இமைகளை இறுக மூடிக்கொண்டு, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.