பூஜ்யம் காட்டிய மாப்பிள்ளை

பெண் பார்க்க வருகிறவனுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்னால் அவனைக் கதிரளவி நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும். செவ்வாய் கிரகக் குடியிருப்பின் மேலடுக்கில் அதுதான் முறை. மனித உடம்பில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் துளியளவு தானாகவே கதிர் வீசும். பூமியில் எல்லோருக்கும் அப்படித்தான், யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. மேலடுக்குக்குக் கதிர் நீக்கிய உணவு வர ஆரம்பித்ததும் அளவு குறைந்தவர்கள் உசத்தியாகிவிட்டார்கள். மண்பாத்தியில் விளைந்ததைத் தின்னும் கீழடுக்குக்காரர்களை வாசற்படி தாண்ட விடுவதே பெரிய விஷயம்.

நன்முல்லை காதலித்தது கீழடுக்குப் பையன் மாறவேளை. போன மாதம் அவன் தைரியமாக வந்து உட்கார்ந்தான். கருவி அவன் உடம்பின் கதிர்வீச்சு நாலாயிரம் பெக்கரல் என்று காட்டியது. அவளுடைய அப்பா திருமேனி, அவன் கண்ணெதிரிலேயே நாற்காலியைத் துடைக்கச் சொன்னார். 

இன்று தரகரோடு வந்தவன் எழில்நம்பி. உட்கார்ந்தான். கருவி பூஜ்யம் காட்டியது.

"எங்க வீட்லயே முந்நூறுக்குக் கீழ யாரும் இல்ல தம்பி," என்றார் திருமேனி. 

வந்தவன் எழுந்து கைகூப்பினான். "தரகர் உங்ககிட்ட சொல்லலைன்னு நினைக்கிறேன் ஐயா. நான் மனுஷன் இல்லீங்க, எந்திரம். என் உடம்புல பொட்டாசியமே கிடையாது."

தரகர் தலையைச் சொறிந்தார். நன்முல்லைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி மாறவேளைக் கூப்பிட்டு அனுப்புவதைத் தவிர அப்பாவுக்கு வேறு வழியில்லை என்று நினைத்தாள், பைத்தியக்காரப் பெண்.

திருமேனி அவன் பக்கம் நகர்ந்து வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க தம்பி. உங்களை எந்த அடுக்குல செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"மேலடுக்குலதாங்க. முழுக்க முழுக்க அங்கேயேதான்."

"அதானே பார்த்தேன்." அவர் முகம் மலர்ந்தது. மனைவியைப் பார்த்து, "தாம்பூலத்தட்டை எடுத்துட்டு வா," என்றார்.

"அப்பா, இது மெஷின்ப்பா." நன்முல்லை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாறவேள் மனுஷன்ப்பா."

திருமேனி மகளின் தலையைப் பிரியமாகத் தடவிக் கொடுத்தார்.

"மனுஷனா இருந்தா மட்டும் போதுமாம்மா? நாளைக்கு நாலு பேரு முன்னாடி நாம தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?"